நாளைக்கு இணங்குவார்கள்

குத்திவிட்டார்கள். தூரத்தில் முதலில் ‘டொம்’. அது எறிகணை புறப்படும் சத்தம்; அதைத்தான் ‘குத்துவது’ என்போம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான் ஓட வேண்டும். பிறகு கூவல். கூவிக்கொண்டே போனால் நல்லது, தலைக்கு மேலால் கடந்து போகிறது. கூவல் பாதியில் நின்றால் நமக்குத்தான்.

“குத்திட்டான். இறங்குங்கோ, இறங்குங்கோ.”

கத்துவது ராசமக்கா. பக்கத்துப் பதுங்குகுழிக்காரி. நான் தம்பி குகனின் கையைப் பிடித்து இழுக்கிறேன். அம்மா ஏற்கெனவே உள்ளே. தன் கூறைச் சேலையை வெட்டித் தைத்த மண்மூட்டையில் முகத்தை அழுத்திக் கிடக்கிறாள். அப்பா இறங்கவில்லை. வாசலில் குந்தியிருக்கிறார். காதோடு வானொலி. “பொறுங்கோ, செய்தி போகுது” என்கிறார். தென்னைகளுக்கு அப்பால் விழுகிறது. மண் கொட்டுகிறது. அப்பா குனிந்து வானொலியைத் தன் உடம்பால் மூடிக்கொள்கிறார்.

2009, சித்திரை. வன்னியின் கிழக்குக் கரை. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் நீரேரி. நடுவில் மணல். மணலில் நாங்கள். எனக்குப் பத்தொன்பது வயது. செய்தியில் சொன்னது இவ்வளவுதான்: பேச்சுக்கு முயற்சி நடக்கிறது.

வருடங்கள் ஓடிவிட்டன. தோஹாவில் ஒரு ஹோட்டல் கூடம். ஏசி குளிர். கட்டுமானக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தப் பிரிவில் வேலை செய்கிறேன். எப்படிப் பேரம் பேசுவது என்று எங்களுக்கு வகுப்பு. நடத்துபவர் லண்டனிலிருந்து வந்த பேராசிரியர். திரையில் ஒரு வரைபடம் வருகிறது. நாட்டின் பெயர் இல்லை. ‘நீண்ட காலமாக நடக்கும் ஓர் இனப்போர்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. ஆனால் அந்த நீரேரியின் வளைவு எனக்குத் தெரியும். கழுத்தளவுத் தண்ணீரில் நான் கடந்த வளைவு அது. கோப்பையைக் கீழே வைக்கிறேன்.

இரண்டு மேசைகள். ஒன்று அரசு, மற்றது இயக்கம். என்னை அரசு மேசையில் போடுகிறார்கள். எனக்குச் சிரிப்புக்கூட வருகிறது. எங்கள் மேசைக்குத் தலைவர் ராகவன் சார். சென்னைக்காரர், என் மேலதிகாரி. நல்ல மனிதர். தினமும் காலையில் நஜ்மாவில் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டு போகிறவர். நான் இலங்கை என்று அவருக்குத் தெரியும். எந்த இடம், எந்த வருடம் வரைக்கும் அங்கே இருந்தாய் என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

கேள்வி இதுதான். நடுவில் சிக்கிய மக்கள் வெளியேற ஒரு நாள் சண்டையை நிறுத்தச் சொல்கிறார்கள். சம்மதிப்பீர்களா?

ராகவன் சார் பேனாவால் மேசையைத் தட்டுகிறார். “ஒரேடியா நோ சொல்ல வேண்டாம், கெட்ட பேரு. நாளைக்கு ஓகேன்னு சொல்லுவோம். இன்னைக்குள்ள இந்த மேட்டைப் பிடிச்சிட்டா நம்ம கை ஓங்கிடும். அப்புறம் உக்காந்து பேசலாம்.”

என்னிடம் சொன்னதையே மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த மேசையும் முடிவோடு வருகிறது. மக்களை விட்டுவிட்டால் நம் கையில் வேறு என்ன இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார்கள். ஒருவரை ஒருவர் கேட்காமலே இரண்டு மேசையும் நாளைக்கு என்றுதான் சொன்னது. பேராசிரியருக்கு மகிழ்ச்சி. உட்காருவதற்கு முன் கையை வலுப்படுத்திக்கொள் என்பது அவருடைய முதல் பாடம். இரண்டு தரப்புக்கும் போதிய அளவு வலித்தால்தான் பேச்சு கனியும் என்பது இரண்டாவது. போதிய அளவு. அந்த வலி யாருடைய உடம்பில் என்று அவர் சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. கோபம் பிறகுதான் வந்தது. அந்தக் கூடத்தில் யாருக்கும் யார் மீதும் வெறுப்பில்லை. சமோசா தின்றார்கள். கேலி பேசினார்கள். தேநீர் ஆறுவதற்குள் எங்களை அந்த மணலிலேயே விட்டுவிட்டார்கள்.

வன்னியில் பேச்சு என்று செய்தி வந்தால் சனம் குழியை இன்னும் ஆழமாக்கும். மேசைக்குப் போக முன் இரண்டு பக்கமும் அடித்துப் பார்க்கும் என்று அனுபவம் சொல்லிக் கொடுத்திருந்தது. செய்தி முடிய முதலே ராசமக்கா மண்வெட்டியைத் தூக்கிவிடுவாள். எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வளைகுடாவின் இந்தக் கரை நாடுகளுக்கும் அந்தக் கரை நாட்டுக்கும் பேச்சு என்று தொலைக்காட்சியில் சொன்னால் வாளிகளில் தண்ணீர் நிரப்புகிறேன். பாஸ்போர்ட்டுகளைக் கைப்பையில் போடுகிறேன். “பேச்சுத்தானே நடக்குது, சண்டை இல்லையே” என்று என் கணவர் முன்பெல்லாம் கிண்டலடிப்பார். இப்போது சிரிப்பதில்லை. போன வாரம், கண்ணாடி சிதறினால் படாதபடி கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டது அவர்தான்.

அப்பா மட்டும் வேறு மாதிரி. கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர். மொத்த வியாபாரிகளோடு பேரம் பேசியே தலை நரைத்தவர். பேரம் என்றால் இரண்டு பேரும் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று நம்பினார். எழுந்து போகிறவன் வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பான் என்பார். முந்தைய சமாதான காலத்தில், இனிச் சண்டை வராது என்று நம்பி, எங்கள் ஒழுங்கையில் முதலில் கூரைக்கு ஓடு போட்டவர் அவர்தான். அது முறிந்த பிறகும் அந்த நம்பிக்கை அவரை விட்டுப் போகவில்லை.

பேச்சுக்கு முயற்சி என்று செய்தி வந்த அன்று பின்னேரம் ராசமக்கா மூட்டையோடு வந்தாள், பின்னால் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகள்.

“விடிய வெள்ளண நீரேரியில இறங்கி அங்கால போவம் அண்ணை. பாதை தெரிஞ்ச மீன்பிடிகாரர் ஒராள் கூட்டிக்கொண்டு போறாராம். நீங்களும் வாங்கோ.”

“நாளைக்கு இணங்குவாங்கள் பிள்ளை” என்றார் அப்பா. “ரெண்டு பகுதியும் கொஞ்சம் இறங்கிக் கிடக்கு. குஞ்சு குருமானோட வெடிக்குள்ளால ஏன் தண்ணியில இறங்குவான்? ஒரு நாள் பொறுத்தால் ரோட்டால நடந்து போகலாம்.”

நிவாரண அரிசி வந்த காலத்தில் யாருக்கும் ஒரு சுண்டு குறையாமல் அளந்து கொடுத்தவர் அப்பா. அவர் சொன்னால் சனம் கேட்கும். ராசமக்கா மண்வெட்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மூட்டையைக் கீழே வைத்தாள். மீன்பிடிகாரர் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் கரை சேர்ந்தார்கள் என்று பிறகு அறிந்தோம்.

அடுத்த நாள். காலை ஏழு மணி. வானொலி சொல்கிறது: முயற்சி தொடர்கிறது. அப்பா எங்களைப் பார்த்துத் தலையசைக்கிறார். ‘டொம்’. இது பின்னாலிருந்து, எங்கள் கூடாரங்களுக்கு அருகிலிருந்து, இயக்கத்தின் பீரங்கி. இனிப் பதில் வரும். எங்கள் மேல்தான் வரும். ‘டொம்’. தூரத்தில். கூவல்.

“இறங்குங்கோ.”

இந்தத் தடவை கத்தியது அப்பா. அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை. குகன் இறங்கிவிட்டு மறுபடி ஏறினான். வானொலி வாசலில் கிடந்தது. “விடு, விட்டிட்டு வா” என்று அப்பா அவன் பின்னால் போனார். கூவல் நின்றது.

பிறகு எனக்குச் சத்தம் இல்லை. காதுக்குள் ஒரு நீண்ட ஊளை மட்டும். அம்மாவின் வாய் அசைகிறது. வாசல் இல்லை. வெளியே வந்தோம். பக்கத்தில் ராசமக்காவின் குழியில் மண் நிரம்பியிருந்தது. கையால் தோண்டினோம். ஒரு சின்னக் கால் தெரிந்தது. அடுத்த எறிகணை வந்தது. அம்மா என்னை இழுத்தாள். ஓடினோம். எவரும் எதற்கும் இணங்காமலே, அன்று பொழுதுபட நானும் அம்மாவும் நீரேரியைக் கடந்தோம்.

கூடத்தில் பேராசிரியர் பலகையில் இரண்டு பத்தி போடுகிறார். அரசு பெற்றது, இழந்தது. இயக்கம் பெற்றது, இழந்தது. இரண்டும் நிரம்புகின்றன. “வதனி, நம்ம டேபிளுக்கு நீங்க போய்ச் சொல்லுங்க” என்று ராகவன் சார் என் கையில் பேனாவைத் தருகிறார். போகிறேன். திரைக்கு முன் நிற்கிறேன். ஆங்கிலத்தில்தான் சொல்ல நினைத்தேன். வந்தது தமிழ்.

“இந்த இடத்தில என்ர தம்பி கிடக்கிறான். அப்பாவும் இதிலதான் கிடக்கிறார். நாளைக்கு எண்டு சொன்னதால நிண்ட ஆக்கள் நாங்கள்.”

விளங்கியது ஒருவருக்குத்தான். ராகவன் சார் எழுந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“நான்தானேம்மா சொன்னேன். நாளைக்குன்னு நான்தானே சொன்னேன்.”

“உங்களில பிழையில்லை சேர்” என்றேன். “ஆர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பினம்.”

ஆறுதலாகச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நித்திரை வருவதில்லை. என்ன சொன்னாள் என்று பேராசிரியர் கேட்டார். ராகவன் சார் மொழிபெயர்க்கவில்லை. தேநீர் இடைவேளை விட்டார்கள்.

பலகையில் எழுதாததை இங்கே எழுதுகிறேன். மறந்துவிடாதீர்கள்.

என் அப்பா, கனகரத்தினம். என் தம்பி, குகன். பதினான்கு வயது. ராசமக்கா. அவளுடைய கணவர். அவர்களின் இரண்டு பெண்பிள்ளைகள். சின்னவளுக்குப் பெயர் வைத்தது அப்பா. ஆறு பேர். ஒருவரையும் நாங்கள் அடக்கம் செய்யவில்லை. ஓடு போட்ட ஒரு வீடு. என் இடது காதின் கேட்கும் சக்தி.

அம்மா இப்போது நஜ்மாவில் என்னோடு இருக்கிறாள். ராசமக்காவின் பெயரை அவள் வாயில் எடுப்பதில்லை. எங்கள் கட்டடத்துக்குக் கீழே கீழக்கரைக்காரர் ஒருவர் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். போன மாதம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “உங்கம்மா மட்டும் வெலையக் கொறைச்சே கேக்க மாட்டேங்குறாங்க தங்கச்சி. நானாக் கொறைச்சாலும் வேணாங்குறாங்க.” ஊர்ச் சந்தையில் பேரத்தில் அப்பாவையே மிஞ்சியவள் அம்மா. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.