நாற்பத்தொரு அசைவுகள்

எனக்கு அழுக்குப் பிடிக்காது. இந்த விசாரணை மேசையில் யாரோ தேநீர்க் கோப்பை வைத்த வளையத்தைத் துடைத்துவிட்டால் இன்னும் நிதானமாகப் பேசுவேன்.

சிசு தீவிர சிகிச்சைப் பிரிவின் மொனிட்டர்கள் தரும் எண்களைத் துப்புரவாக்குவது என் வேலை. குழந்தை காலை உதைத்தால் ஒட்சிசன் அளவு பொய்யாக விழும். அதை ‘அசைவு’ என்று குறித்து நீக்குவேன். அந்த இடத்தை முந்தைய நல்ல எண் நிரப்பும். அதன்பின் அலாரம் அடிக்காது. அலாரம் காதைத் துளைக்கிறது என்று குறைப்பட்டு இந்த ஏற்பாட்டைக் கேட்டவர்களும் அங்கே தாதியராக இருக்கும் மிஸ்ஸிமார்தான். எண் கண்முன் இருக்க, உதட்டு நிறம் பார்க்கிற கூட்டம்.

அந்த வியாழக்கிழமை ஐந்தாம் கட்டில் என் மானத்தை வாங்கியது. கலேவெல நூருன்னிஸாவின் பன்னிரண்டு நாள் பெண் குழந்தை. மறுநாள் கொழும்பிலிருந்து பரிசோதனைக்கு வருகிற அதிகாரிகளுக்கு என் வரைபடங்களைக் காட்டவேண்டும். மற்றக் கோடுகள் நூல் பிடித்தாற்போல் இருக்க, இது மட்டும் விழுந்து விழுந்து எழும்பியது. நண்பகலுக்குள் நாற்பத்தொரு தரம். நாற்பத்தொரு தரமும் ‘அசைவு’ என்று குறித்தேன்.

றிப்கா மிஸ்ஸி வந்து, குழந்தையின் நிறம் சரியில்லை, டொக்டரைக் கூப்பிடட்டுமா என்றாள். திரையைத் திருப்பி ஒட்சிசன் அளவைக் காட்டினேன். தொண்ணூற்றைந்து. டொக்டரைக் கூப்பிடும் பேச்சை விட்டுவிட்டாள். பயிற்சி பெற்றவள் அல்லவா.

அவளுக்குப் பின்னால் தாய் நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “சேர், புள்ள காலைல இருந்து அசையவே இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கலேவெலயிலிருந்து பஸ் ஏறி வந்து எனக்கு அசைவைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள்.

“நல்லாத் தூங்குதும்மா. போய் உக்காருங்க,” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

மறைக்க எதுவுமில்லை. அசையாத குழந்தைக்கு நாற்பத்தொரு அசைவு எங்கிருந்து வந்தது என்பது அவர்கள் கதவைத் தாண்டும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய எண்கள் திரும்ப வரும், டொக்டரும் ஓடிவருவார். அந்த இரண்டு பெண்களும் சொன்னதே சரி என்றும் ஆகிவிடும். நான் அழுத்தவில்லை. நாற்பத்திரண்டாவது விழுந்தபோது அதையும் குறித்தேன்.

பிற்பகல் இரண்டே காலுக்குக் குழந்தை இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வரைபடத்தை நீங்களே பாருங்கள், ஐயா. கடைசிவரை தொண்ணூற்றைந்து. என் பதிவில் அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.