"மகன்" என்று தொடங்கும் கடிதங்கள்

குன்னூரில் மழைக்காலத்தில் கவர் ஒட்டுவது பெரிய தொல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். ஈரத்தில் பசை பிடிக்காது. பிரிப்பது சுலபம்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு என் கடைதான் ஊர் முகவரி. தபால் வந்தால் கவரைப் படமெடுத்து அவர்கள் போனுக்கு ஏற்றுவேன். 'பிரி' என்றால் பிரித்து உள்ளே இருப்பதை அனுப்புவேன். 'கிழி' என்றால் கிழிப்பேன்.

சசிதரன் நார்வேயில் இருக்கிறான். அவன் அம்மா சின்னம்மை, சோலூர்ப் பக்கம் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், தனியாக இருந்தார். இலங்கையிலிருந்து வந்த குடும்பம். லயத்தில் சிக்னல் கிடையாது, அவருக்குக் காதும் கேட்காது. அதனால் வாரம் ஒரு கடிதம் எழுதுவார். "மகன், சுகமா இருக்கியா?" என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும்.

அவன் பத்து நாள் கழித்துப் பார்ப்பான். 'நல்லா இருக்கேன். வேலை அதிகம்' என்று இரண்டு வரி பதில். அதை நான் அச்செடுத்துத் தபாலில் போட வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு பக்கம் எழுதுகிறவருக்கு இரண்டு வரியா? அச்செழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவர் எழுதியபோது, கையால் பெரிதாக எழுதி அனுப்பினேன். கூடவே நானாக ஒரு வரி சேர்த்தேன். போகப்போக அது நாலு பக்கம் ஆனது. அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு அவருடைய கவர்களைச் சசிதரனுக்கு ஏற்றவில்லை.

சசிதரன் போனில் கேட்பான். "ஏனுங்கண்ணா, அம்மாகிட்டருந்து ஒண்ணும் வரலீங்களா?"

"வரலீங்க தம்பி. கை நடுக்கமாம், எழுத முடியலையாம். மத்தபடி நல்லா இருக்காங்களாம்."

தை மாதம் அந்தக் கடிதம் வந்தது. "வயித்துல கட்டியாம் மகன். ஆப்பரேசன் செஞ்சா பொழைச்சுக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. எனக்குப் பயமா இருக்கு. நீ செய்யச் சொன்னா செஞ்சுக்கிறேன்."

இரண்டு நாள் யோசித்தேன். ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் மகனைக் கூப்பிடுவார்கள். அவன் வருவான், கடிதங்களைப் பார்ப்பான். பிறகு மறுபடியும் இரண்டு வரிதான். அப்படிப்பட்டவனை நம்பி அவரை எப்படி விடுவது? 'கத்தி வேண்டாம் அம்மா, மாத்திரையே போதும். சித்திரையில் வருகிறேன்' என்று எழுதினேன். டாக்டரிடம் அதைக் காட்டித்தான் ஆபரேஷனை மறுத்தாராம். பக்கத்து வீட்டு சுகுணா உங்களிடம் சொல்லியிருப்பாரே.

பங்குனியில் இறந்துபோனார். சசிதரன் வந்து பார்த்தபோது, அவன் எழுதாத முப்பத்தெட்டுக் கடிதங்கள் தலையணைக்கடியில் இருந்தன. அத்தனையும் என் கையெழுத்து, ஒப்புக்கொள்கிறேன். சித்திரைக்குப் போக நான் புதுச்சட்டைகூடத் தைக்கக் கொடுத்திருந்தேன்.

அவர் எழுதியவற்றையெல்லாம் உங்களிடம் கொடுத்துவிட்டேன், கடைசிக் கடிதத்தைத் தவிர. அதைக் கேட்டு சசிதரன் வெளியே அழுகிறான் என்கிறீர்கள். கவரில் அவன் பெயர் இருப்பது உண்மைதான். ஆனால் சித்திரையில் வருவதாகச் சொன்ன மகனுக்கு அவர் எழுதியது அது. அந்த மகன் நான்தானே, மேடம்.