பூவம்மாவின் பெல்

காப்பி வேணாம் மேடம். வர்ற வழியில தேக்கா மார்க்கெட்டுல பாலும் சர்க்கரையும் இல்லாம ஒரு தே ஓ கோசோங் குடிச்சிட்டேன். தீபாவளிக்கு அப்புறம் சர்க்கரையையே விட்டாச்சு, உடம்பு லேசா இருக்கு. வாக்குமூலம்னு மேல போட்டுக்கோங்க, நான் நிதானமாவே சொல்றேன்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னாடி இருக்கற அந்த முதியோர் இல்லத்துல நெட்வொர்க் என் பொறுப்பு. வீடியோ கால், மருந்து விவரம், கட்டிலுக்குக் கட்டில் இருக்கற பெல், எல்லாமே ஒரே ரவுட்டர் வழியாத்தான் போகணும். பெல்லை அமுத்தினா நர்ஸோட போன் அடிக்கும். புதுசா மாட்டினப்ப நானே ஒவ்வொரு கட்டிலாப் போய்ச் சொல்லிக் குடுத்தேன். ஜன்னலோரக் கட்டில்ல பூவம்மா. என்னைக் கண்டாலே "தம்பி, சாப்டியா?"ம்பாங்க. அவங்க விரலைப் பிடிச்சு பட்டன்மேல வச்சு, "எப்ப வேணும்னாலும் அமுத்துங்கம்மா, யாராவது ஓடி வருவோம்"னேன். நம்பிட்டாங்க, பாவம். ஃபேனைக் குறைக்கணும்னா அமுத்துவாங்க, ரேடியோவைக் கூட்டணும்னா அமுத்துவாங்க. ஒரு தடவை அமுத்திட்டுப் பொறுமையா இருப்பாங்க. தொந்தரவுன்னு நான் நெனச்சதே இல்ல.

தீபாவளி அன்னைக்குக் காலைல ரவுட்டரோட ப்ராசஸர் லோடு திடீர்னு எகிறிடுச்சு. சும்மா நாள்ல பத்து சதவீதம் தாண்டாது, அன்னைக்குத் தொண்ணூத்தொன்பது. ஹால்ல எல்லாரும் புதுத்துணியோட பேரப்பிள்ளைங்களைப் பாக்க உக்காந்திருக்காங்க, திரையில முகமெல்லாம் அப்படியே நிக்குது. மேனேஜர் ரமணன் என் காதுகிட்ட குனிஞ்சு, "மாறன், உன் வொர்க் பாஸ் ரினியூவலுக்கு நான்தான் கையெழுத்துப் போடணும் லா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். மத்தபடி நல்ல மனுஷன்.

நான் பதறல. ப்ராசஸரை எது தின்னுதுன்னு பாத்தேன், அது எங்கேர்ந்து வருதுன்னு பாத்தேன். ஜன்னலோரக் கட்டில் பெல். அந்த மாடல்ல ஒரு கோளாறு உண்டு. யாரும் பதில் சொல்லலைன்னா, ஒவ்வொரு அமுத்தலையும் கட்டடத்துல இருக்கற எல்லாக் கருவிக்கும் கத்திக்கிட்டே கிடக்கும். நர்ஸுங்க ஹால்ல முறுக்குத் தட்டோட நின்னாங்க, போனை யாரும் பாக்கல. பூவம்மா விடாம அமுத்திக்கிட்டிருந்தாங்க.

எங்க வேலையில ஒரு பழக்கம். முதல்ல அடைச்சிடுவோம், காரணத்தை அப்புறம் தேடுவோம். அந்த பெல்லிலேர்ந்து எது வந்தாலும் தள்ளிடுன்னு ரவுட்டர்ல ஒரு வரி போட்டேன். 'தற்காலிகம்'னு பேரும் வச்சேன். அப்படிப் பேர் வச்சதை எங்க ஆளுங்க எடுத்ததா சரித்திரமே இல்ல. ப்ராசஸர் மடமடன்னு இறங்கிச்சு. ஹால்ல முகங்கள் அசைஞ்சு, எல்லாரும் கை தட்டினாங்க. சந்தோஷமாத்தான் இருந்துச்சு, மறைக்க மாட்டேன்.

அந்த வரிக்குப் பக்கத்துல, எத்தனை தடவை தடுத்துச்சுன்னு ஒரு எண் ஓடும். அது ஏறிக்கிட்டே இருந்துச்சு. ஃபேனுக்கு யாரும் அப்படி அமுத்த மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். எண்ணைப் பாத்துக்கிட்டே ஒரு அதிரசம் தின்னேன். அப்ப அந்த வார்டு நர்ஸ் ரபியா வந்து, "மாறண்ணே, பூவம்மா பெல்லே அடிக்கலையே, போய்ப் பாத்துட்டு வரவா?"ன்னா. "தூங்கறாங்கம்மா, விடு"ன்னேன். போனா அடைச்சது தெரிஞ்சிடும். திறக்கச் சொல்லுவா, வீடியோ கால் எல்லாம் திரும்ப அறுந்துடும். கொஞ்ச நேரத்துல எண் மெதுவாச்சு, அப்புறம் நின்னுடுச்சு. பிரச்சனை தீர்ந்ததுன்னு பதிஞ்சுட்டு, ரமணன் சாருக்கும் சொன்னேன்.

பூவம்மாவுக்கு மூச்சுத்திணறி உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொன்னார். விரலைப் பட்டன்லேர்ந்து பிரிக்கவே ரபியா கஷ்டப்பட்டாளாம்.

அந்த பெல்லை அப்பவே கழட்டியாச்சு. ஒயர்கூட இல்லாம என் டிராயர்ல கிடக்கு. ஆனா இன்னிக்குக் காலைல பாத்தேன், எண் திரும்ப ஏறுது. அப்ப அந்த வரியை எடுத்துட வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. எடுத்தா ரபியா போன் அடிக்கும் மேடம். அடிச்சா யாராவது அந்தக் கட்டில்கிட்டப் போகணும். எனக்கொண்ணும் பயமில்ல. ரவுட்டர்தான் தாங்காது.