மேஸ்திரி வாய்க்குள்ள அடிச்ச சென்ட்ரிங்

கையில இருக்குற போனைக் கொஞ்சம் கவுத்து வைங்க. ஒரு கதை சொல்றேன்… சின்னது… ஒரு பல்லு அளவுதான்.

செங்கோடன்னு ஒரு மேஸ்திரி. சேலத்துல அடுக்குமாடிக் கட்டட வேலை. அஞ்சாவது மாடியில நின்னு ரெண்டு விரலை வாயில வச்சு ஒரு விசில் அடிப்பாரு… கலவை ஏத்துற லிஃப்ட் டக்குனு நிக்கும். ரெண்டு அடிச்சா மறுபடி ஏறும். சைட்டுல அவருக்கு மரியாதையே அந்த விசில்தான்.

ஒருநாள் பல்லு தேய்க்கும்போது ஈறுல ரத்தம். என்ன செஞ்சாரு? நீங்களும் நானும் செய்யறதைத்தான் செஞ்சாரு! "புண்ணு மேல எதுக்குத் தேய்க்கணும்"னு அந்த இடத்தை மட்டும் விட்டுட்டாரு. வலிச்சுதா? வலிக்கல. அதுதாங்க வினை! ரெண்டு வருஷத்துல கீழ்வரிசை முன்பல்லு நாலும் ஆடுது. விசில் அடிச்சா வெறும் காத்து வருது. லிஃப்ட் நிக்காம அது பாட்டுக்குப் போகுது.

பதறிப்போய் பல் டாக்டர் ரெஹானா முன்னாடி உட்கார்ந்தாரு. "டாக்டரம்மா, பல்லு போனா விசில் போச்சுதுங்க. அப்புறம் என்னை யாருங்க மதிப்பாங்க?"

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டுனாங்க. "பல்லு நல்லாத்தான் இருக்கு மேஸ்திரி. அதைப் பிடிச்சிருந்த எலும்புதான் கரைஞ்சிருக்கு. லேசர் வச்சு ஈறுக்கு உள்ள சுத்தம் பண்றேன். குழியில எலும்புத்தூள் நிரப்பி, மேல ஒரு மெல்லிய சவ்வு வைக்கிறேன்."

நம்மாளுக்கு ஆர்வம் தாங்கல. "சவ்வு எதுக்குங்க?"

"ஈறு வேகமா வளரும். எலும்பு மெதுவா வளரும். நடுவுல தடுப்பு இல்லைன்னா எலும்போட இடத்துல ஈறு புகுந்துக்கும்."

"அடடே… கான்கிரீட் இறுகுற வரைக்கும் பலகை கட்டித் தாங்குற மாதிரி, வாய்க்குள்ள சென்ட்ரிங் அடிக்கிறீங்கன்னு சொல்லுங்க!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அதேதான். ஆறாவது மாசம் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். அதுவரைக்கும் விரலால ஆட்டக்கூடாது, நாக்கால தள்ளக்கூடாது."

"எனக்கேவா சொல்றீங்க? இருவது வருஷமா சென்ட்ரிங் பார்த்தவனுங்க நான்!"

சிகிச்சை நல்லபடியா முடிஞ்சுது. பத்தாம் நாள்… கண்ணாடி முன்னாடி மேஸ்திரி. கையில டார்ச்சு. உதட்டை இழுத்துப் பார்க்குறாரு. எலும்பு வளர்ந்திருக்குமா? எவ்வளவு வளர்ந்திருக்கும்? சம்சாரம் பாவாயி அடுப்படியில இருந்து கத்துது, "ஏனுங்க, அதுல கையை வைக்காதீங்க!" இவரு, "லேசாத்தான் புள்ள"ன்னு ஒரு பல்லை விரலால அமுக்குனாரு… ஈறுல போட்ட தையல் பிரிஞ்சிருச்சு.

மறுபடியும் டாக்டர்கிட்ட ஓடுனாரு. அவங்க திட்டல. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "மேஸ்திரி, நீங்க தளம் போட்ட பத்தாம் நாள், வீட்டுக்காரர் ஏறி வந்து, கான்கிரீட் இறுகிருச்சான்னு பார்க்க ஒரு பலகையை உருவுனா என்ன செய்வீங்க?"

"அந்த வீட்டு வாசப்படியையே மிதிக்க மாட்டனுங்க!" சொன்னவரு… பல்லை அமுக்குன அந்த விரலை மெதுவா மடக்கிக்கிட்டாரு.

ஆறு மாசம் கழிச்சு எக்ஸ்ரே. மூணு பல்லுக்கு அடியில வெள்ளையா எலும்பு! மேஸ்திரி கண்ணுல தண்ணி. நாலாவது, அந்த அமுக்குன பல்லு… நிக்கல. எடுக்க வேண்டியதாப் போச்சு. இப்பவும் விசில் அடிக்கிறாரு. லிஃப்ட் நிக்குது. ஆனா நடுவுல புஸ்ஸுனு காத்து கசியுது. சைட்டுல பசங்க சிரிப்பை அடக்கிக்கிறாங்க.

இந்தக் கதையை எதுக்கு இந்தப் பள்ளிக்கூடத்துல, ப்ளஸ் டூ புள்ளைங்களைப் பெத்தவங்ககிட்ட சொல்றேன்? டாக்டர் சும்மா விடச் சொன்னாங்களா? இல்லையே! அழுக்கை எடுத்தாங்க, தடுப்பு வச்சாங்க, பார்க்குறதுக்கு ஒரு நாளும் குறிச்சாங்க. நம்ம வேலையும் அவ்வளவுதான். அதுக்கப்புறம் உள்ள வளர்றது அதுவா வளரணும். நாம என்ன பண்றோம்? காலையில ஒரு தடவை ஆட்டிப் பார்க்குறோம், "எவ்வளவு படிச்ச?" சாயங்காலம் ஒரு தடவை, "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு படிச்சான்?" பாசத்துலதான் செய்யறோம். மேஸ்திரியும் ஆசையிலதான் அமுக்குனாரு.

மூணாவது வரிசை அண்ணே… நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு தடவை வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டு, "படிக்கிறானா"ன்னு கேட்டுட்டு வந்தீங்களே… விரலை எடுங்க அண்ணே. அவன் வளரட்டும்.