ரெண்டு சைஸ் பெருசு

சாந்தோம் தாண்டிப் போன பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அப்பாவும் பத்தாவது படிக்கும் மகனும். அவனுடைய தொளதொள யூனிஃபார்ம் பேண்ட்டைப் பார்த்து, ‘இதென்ன ஃபேஷன்? அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்று பி.டி. மாஸ்டர் துரத்திவிட்டாராம்.

“நான் படிக்கசொல்லோ டைட்டா போட்டா வெளிய நிக்க வெப்பாங்க. இப்ப லூசுக்கா? வளர்ற புள்ளன்னு நான்தான் ரெண்டு சைஸ் பெருசா எடுத்தேன்னு சொல்லிடறேன்.”

“நைனா, அத மட்டும் சொல்லாத! கிளாசே இத ஸ்டைலுன்னு நெனச்சிக்கினு கீது. ஒரு வாரம் வேணா நான் வெளிய நிக்கிறேன்.”

அப்பா அந்தப் பேண்ட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி, ஸ்டைலுன்னே சொல்றேன். ஆனா அடுத்த வருசமும் இதே பேண்ட்தான். அப்ப உனுக்கு அளவு கரெக்டாயிடும். அத இன்னா ஸ்டைலுன்னு சொல்லுவ?”