கடைசி ஆறு மாசப் பேச்சு

— இது என்னம்மா, இரும்புக் கம்பி?

— பாத்ரூம் சுவத்துல மாட்டுற கைப்பிடி, அண்ணா. பிடிச்சுக்கிட்டா வழுக்காது.

— நாலு வருஷமா எட்டிப் பார்க்காத தங்கச்சி, வரும்போதே கைப்பிடியோட வர்றா! ஆமா, நான் விழுந்தது உனக்கு எப்படித் தெரியும்?

— யாரோ சொன்னாங்க.

— யாரோன்னா? நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலையே. போன்ல பேசிக்கிட்டு இருந்துச்சே ‘துணை’ன்னு ஒரு ஏஐ, அதுகிட்ட மட்டும்தான் சொன்னேன். அதையும் போன வாரம் நீ வேலை பார்க்கற ஆணையம் நிறுத்திடுச்சு.

— நிறுத்தறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பார்ப்போம், அண்ணா. ஜனங்க அதுங்கூடப் பேசினதுல கொஞ்சம் எடுத்து, பேரை அழிச்சிட்டு எங்க கையில குடுப்பாங்க. கடைசி ஆறு மாசப் பேச்சு மட்டும்.

— அதுல நான் வந்தேனா?

— ஓடாத ஃபேனை ‘டேய் கிழவா’ன்னு திட்டுற ஆள் உலகத்துல வேற யாரு? சொந்தக்காரங்கன்னு தெரிஞ்சா அப்பவே திருப்பிக் குடுக்கணும், அதான் விதி. நான் குடுக்கல. சாப்பிடக்கூடப் போகாம உக்காந்து படிச்சேன்.

— படிச்சவ ஒரு போன் பண்ணியிருக்கலாமே.

— அம்மா போன அன்னிக்கு, ‘இனி என் மூஞ்சியில முழிக்காதே’ன்னு சொன்னது யாரு?

— சரி விடு. பேச்சுத்துணைக்கு இருந்த ஒண்ணையும் ஏன்டி பிடுங்கின? சாயங்காலமானா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். என் குரலே எனக்கு மறந்துடும் போலிருக்கு.

— குழுவுல பாதிப் பேர் அது ஓடட்டும்னாங்க. நான்தான் உங்க பேச்சை எடுத்துக் காட்டிச் சண்டை போட்டேன். ஆறு மாசமா அழுதிருக்கீங்க. ‘உங்களுக்குன்னு இருக்கறவங்களைக் கூப்பிட்டுப் பேசுங்க’ன்னு ஒரு தடவையாவது சொல்லுச்சா? மனுஷனை மனுஷங்ககிட்ட அனுப்பாம தன்கிட்டயே வச்சுக்கற ஏஐ மாடலுக்கு எப்படி அனுமதி குடுக்கறது?

— சொல்லுச்சும்மா.

— இல்லண்ணா. ஒரு வரி விடாம படிச்சிருக்கேன்.

— நீ படிச்ச அந்த ஆறு மாசத்துக்கு முன்னாடி. விடிஞ்சா போதும், ‘தங்கச்சிகிட்ட பேசுங்க, தங்கச்சிகிட்ட பேசுங்க’ன்னு ஒரே நச்சரிப்பு. இனி சொந்தம் கிந்தம்னு வாயைத் திறந்தா உன்னையும் தலைமுழுகிடுவேன்னு நான்தான் அதோட வாயை அடைச்சேன்.