பஸ்ஸுக்குள் ஒரு விதைக்கடை

திருச்சுழியில் அருப்புக்கோட்டை பஸ் ஏறினேன். முன் சீட்டில் விதைக் கம்பெனிக்காரர் ஒருவர் மேனேஜரோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். பஸ்ஸே ஆபீஸாகிவிட்டது. எங்களுக்குத்தான் சம்பளம் இல்லை.

"பரளச்சி விதைக்கடையிலதான் சார் இருக்கேன். வாரம் தவறாம வாரேன். மொதலாளி எதிர்லதான் உக்காந்திருக்காக."

டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அது ரோட்டுச் சத்தம் சார்."

மேனேஜர் என்ன கேட்டாரோ, இவர் முகம் சுண்டிவிட்டது. போனைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கெஞ்சினார்.

"அண்ணாச்சி, கடை மொதலாளி மாதிரி ரெண்டு வார்த்தை பேசுங்க. இல்லைன்னா இன்னைக்கே என் வேலை போயிரும்."

"என்ன சொல்லணும்?"

"நான் வாரா வாரம் வாரேன்னு சொன்னாப் போதும்."

பெரியவர் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"வணக்கம் சார். பரளச்சி விதைக்கடைக்காரன்தான் பேசுறேன். நெசமாவே நான்தான். உங்க ஆளை இன்னைக்குத்தான் மொதமொதல்ல பாக்குறேன், அதுவும் பஸ்ஸுல. நல்லாப் பேசுறாக. நீங்க குடுத்த மல்லி விதை மொளைக்கலைன்னு, வெதைச்ச சம்சாரிக தெனமும் என் கடையில வந்து நிக்கிறாக. அவுககிட்டப் பேச இவுகளை ஒருநாள் அனுப்பி வைங்க."